தோள் ஆபரேஷனுக்குப் பிறகு வலி திரும்பினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஏர்கோன் வேலை எனக்கு. பினாங்குத் தீவில் இருபத்தாறு வருடம். “ஏர்கோன் சரியில்லை” என்று யாராவது போன் செய்தால், ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதற்கு முன் இரண்டு கேள்வி கேட்பேன். எப்போதிலிருந்து? அதற்கு முந்தின நாள் என்ன நடந்தது? கரண்ட் போய் வந்ததா, இடி விழுந்ததா, வேறு ஆள் யாரும் திறந்து பார்த்தாரா? குளிராத ஏர்கோனும் தண்ணீர் ஒழுகும் ஏர்கோனும் ஒரே பழுது இல்லை. வந்ததும் வராததுமாக எல்லாவற்றையும் கழற்றிப் போடுபவன் வேலைக்குப் புதியவன்.

இவ்வளவு தெரிந்தவன் சொந்தத் தோள் விஷயத்தில் புதுப் பையனாகத்தான் நடந்துகொண்டேன். தலைக்கு மேல் கையைத் தூக்கியே வேலை செய்ததில் வலது தோளில் தசைநார் கிழிந்து, தீபாவளி முடிந்த மறுவாரம் ஆபரேஷன். ரோட்டேட்டர் கஃப் என்பார்கள். தோள் எலும்பைச் சுற்றிப் பிடித்திருக்கும் நான்கு தசைகளின் நார்கள் அவை. கிழிந்த நாரை இழுத்து, எலும்பில் ஆணி மாதிரி ஒன்றைப் பதித்துத் தைத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு எந்த வலி வந்தாலும் எனக்கு ஒரே எண்ணம்தான்: தையல் பிய்ந்துவிட்டது. இரண்டு தடவை எமர்ஜென்சிக்கு ஓடினேன், இரண்டும் தேவையில்லாத ஓட்டம். ஓட வேண்டிய ஒரு தடவை வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

கீழே உள்ளது, தைத்த தோளுக்கு. எலும்பு மூட்டு மாற்றியவர்களுக்கும், தோள் இறங்கியதற்காக ஆபரேஷன் செய்தவர்களுக்கும் வாரக் கணக்கு வேறுபடும். கிழிசலின் அளவைப் பொறுத்தும் மாறும். உங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்த தாளும் நான் சொல்வதும் முட்டினால், தாள் சொல்வதைச் செய்யுங்கள்.

முதலில்: படிப்பதை நிறுத்திவிட்டுக் கிளம்ப வேண்டியவை

காய்ச்சல் 38 டிகிரியைத் தாண்டினால். காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவினால், சீழோ வாடையோ வந்தால். பலகையில் தட்டிய மாதிரி ‘டொக்’ என்று ஏதோ விட்டுப்போய், நேற்று முடிந்த அசைவு இன்று சுத்தமாக முடியாவிட்டால். விரல்கள் குளிர்ந்து நிறம் மாறினால். மாத்திரைக்கு அடங்காமல் நாளுக்கு நாள் வலி ஏறிக்கொண்டே போனால். இவற்றுக்கு அன்றே ஆஸ்பத்திரி. நெஞ்சு வலி, திடீர் மூச்சுத் திணறல் என்றால் யோசிக்காமல் ஆம்புலன்ஸுக்கு 999. ஒரு கால் மட்டும் கெண்டைச் சதையில் வீங்கி வலித்தாலும் அன்றே போய்க் காட்டுங்கள். கையில்தானே ஆபரேஷன், காலில் என்ன என்று விட்டுவிடாதீர்கள். ரத்தக்கட்டி அங்கேயும் உருவாகலாம்.

நான் வீட்டில் உட்கார்ந்திருந்தது பன்னிரண்டாவது நாள். சட்டையில் மஞ்சளாக ஒரு கறை. வலி அதிகமில்லை. நம் ஊர் வெயிலில், கையைத் தாங்கக் கழுத்தில் மாட்டும் ஸ்லிங்குக்குள் வியர்வை ஊறித்தான் கிடக்கும், அதனால் வியர்வைக் கறை என்று துடைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து மனைவிதான் பிளாஸ்திரியைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு வாரம் ஆன்டிபயாட்டிக்கோடு போயிற்று, மேலோட்டமான கிருமி என்பதால். உள்ளே இறங்கியிருந்தால் மறுபடி திறந்து கழுவ வேண்டியிருக்கும் என்றார்கள். பெரிய வலியோடு வராத பழுதுகளும் உண்டு என்று அன்று கொஞ்சம் புரிந்தது.

அறிகுறி: முதல் நாள் வலியே இல்லை, நடு இரவில் ஒரேயடியாக வெடிக்கிறது

இதற்குத்தான் முதல் ஓட்டம் ஓடினேன்.

காரணம் எளிது. ஆபரேஷனுக்கு முன் கழுத்தோரம் ஓர் ஊசி போட்டுக் கைக்குப் போகும் நரம்புகளை மரக்க வைக்கிறார்கள். அது பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் நிற்கும். அந்த நேரத்தில் கை கட்டை மாதிரி தொங்கும், வலி என்பதே இருக்காது. “இவ்வளவுதானா?” என்று நான் நாசி கண்டார் வாங்கி வரச் சொல்லி இடது கையால் சாப்பிட்டேன். ராத்திரி ஒன்றரை மணிக்கு மரப்பு விட்டது. வலி மெல்ல ஏறவில்லை. ஸ்விட்ச் போட்ட மாதிரி வந்தது.

இதை முன்கூட்டியே தடுக்க வேண்டும், வந்த பிறகு பிடிப்பது கஷ்டம். விரல் நுனியில் ஊசி குத்துவது போல உணர்ச்சி திரும்பத் தொடங்கும்போதே, வலி இல்லாவிட்டாலும், எழுதிக் கொடுத்த மாத்திரையைப் போட்டுவிடுங்கள். தூங்கப் போகிறீர்கள் என்றால் அடுத்த வேளைக்கு அலாரம். முதல் இரண்டு மூன்று நாள் “வலித்தால் போடலாம்” கணக்கு வேண்டாம், நேரப்படி போடுங்கள். மரத்த கை எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது, அதனால் ஸ்லிங்கைக் கழற்றாதீர்கள், சூடான குவளைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஐஸ் வைத்தாலும் துணி சுற்றி 15, 20 நிமிடம்தான். மரத்த தோலுக்கு ஐஸ் சுட்டாலும் தெரியாது.

அதே ஊசியால் சிலருக்கு அந்தப் பக்கக் கண்ணிமை கொஞ்சம் தாழும், குரல் கம்மும், மூச்சு முழுசாக இழுக்க முடியாத மாதிரி இருக்கும். மரப்போடு சேர்ந்து அதுவும் போய்விடும். போகவில்லை, அல்லது மூச்சு மோசமாகிறது என்றால் மேலே சொன்ன 999 கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: பகலில் பரவாயில்லை, ராத்திரி படுத்தால் தாங்க முடியவில்லை

ஆபரேஷன் ஆன எவரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார். எனக்கு ஆறு வாரம் இழுத்தது. மாத்திரையைக் கூட்டுவதற்கு முன் படுக்கையைப் பாருங்கள்.

மல்லாந்து தட்டையாகப் படுத்தால் மேல்கை அதன் எடையாலேயே பின்பக்கம் சரியும். முழங்கை முதுகுக் கோட்டுக்குக் கீழே போனதும் தைத்த இடம் முன்பக்கம் இழுபடும். விழித்திருக்கும்போது தன்னையறியாமல் சரிசெய்துகொள்வோம். தூக்கத்தில் யார் சரிசெய்வது? அதனால் பாதி உட்கார்ந்த நிலைதான் சரி. எங்கள் வீட்டில் சாய்வு நாற்காலி இருந்தது, மூன்று வாரம் அதிலேயே தூங்கினேன். இல்லாதவர்கள் சுவரோரம் தலையணை அடுக்கிச் சாய்ந்துகொள்ளலாம். முக்கியமான தலையணை தலைக்கு வைப்பது இல்லை. முழங்கைக்கும் மேல்கைக்கும் அடியில் வைப்பதுதான். படுத்தபடி கீழே பார்த்தால் உங்கள் முழங்கை கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அது பின்னால் போய்விட்டது, இன்னொரு தலையணை சொருகுங்கள். ஃபிசியோ சொல்லிக்கொடுத்த இந்த ஒரு சோதனை எனக்கு எந்த மாத்திரையையும் விட அதிகத் தூக்கம் கொடுத்தது.

அப்புறம் நேரம். இரவு எட்டு மணிக்கு மாத்திரை போட்டு பதினொன்றுக்குப் படுத்தால், அதிகாலை இரண்டு மணிக்கு மருந்து தீர்ந்திருக்கும். கடைசி வேளையைப் படுப்பதற்கு அரை மணி முன்னால் தள்ளலாமா என்று மருந்தகத்தில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். படுக்கும் முன் ஒரு தடவை ஐஸ். ஏர்கோன்காரன் சொல்கிறேன்: 18 டிகிரியில் வைத்து நேரே தோளில் காற்று அடிக்கும்படி தூங்காதீர்கள். காலையில் கழுத்து இறுகிக் கிடக்கும், அதைத் தோள் வலி என்று எண்ணிக் குழம்புவீர்கள்.

அறிகுறி: ஃபிசியோவுக்குப் போய் வந்த மறுநாள் வலி கூடுகிறது

இங்கேதான் பலரும் தப்பு செய்கிறார்கள். ஒரு சாரார் பயந்து பயிற்சியையே நிறுத்திவிடுகிறார்கள். மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்கிறார்கள். நான் இரண்டையும் செய்தேன், வாரம் விட்டு வாரம்.

எனக்குப் பார்த்த ஃபிசியோ சின்னப் பெண், என் மகள் வயது. ஒரு நாள் நான் வலி புராணம் பாட ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள். “அங்கிள், இன்னைக்கு வலிக்கிறத அப்புறம் சொல்லுங்க. நேத்து என்ன பண்ணீங்க, அத மொதல்ல சொல்லுங்க.”

என் கேள்வியை என்னிடமே கேட்கிறாள். விஷயம் இதுதான்: தசையும் நாரும் அளவுக்கு மீறி வேலை செய்தால் வலி அப்போதே வராது. வீக்கம் மெல்ல ஏறி, ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். இன்று காலை வலிக்கிறது என்றால் குற்றவாளி நேற்றோ முந்தாநாளோ இருக்கிறான். இன்று நீங்கள் செய்ததை நிறுத்திப் பயனில்லை.

அதனால் ஒரு 555 நோட்டு வாங்கினேன். கடையில் கடன் எழுதுவோமே, அந்தக் குட்டி நோட்டு. தினமும் மூன்றே வரி: என்ன செய்தேன், படுக்கும்போது வலி பத்துக்கு எத்தனை, மறுநாள் எழும்போது எத்தனை. இரண்டு வாரத்தில் கணக்கு தெளிவாகிவிட்டது. பயிற்சிக்குப் பிறகு மூன்று, நான்கு என்று ஏறி, மறுநாள் காலைக்குள் பழைய இடத்துக்கு வந்தால் அது கூலி வலி. அதே அளவில் தொடரலாம். மறுநாள் காலையிலும் இறங்காமல் நின்றால் அளவு மீறிவிட்டது. அன்று பயிற்சியைப் பாதியாகக் குறைக்க வேண்டும். எண்ணிக்கையைக் குறையுங்கள், முதலில் கடைசியாகச் சேர்த்த பயிற்சியை எடுத்துவிடுங்கள். முழுசாக நிறுத்தக் கூடாது. டாக்டர் அனுமதித்திருந்தால், குனிந்து நின்று கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு ஊசல் போல ஆட்டும் அந்தச் சாதாரண அசைவையாவது செய்துகொண்டிருங்கள். இரண்டு நாளில் இறங்கிவிட்டால் பழைய அளவுக்குத் திரும்பலாம். மூன்று நான்கு நாளாகியும் இறங்காவிட்டால் அடுத்த தேதிக்குக் காத்திராமல் ஃபிசியோவுக்குப் போன் போடுங்கள்.

நோட்டில் எழுதும்போது பயிற்சியை மட்டும் எழுதாதீர்கள். என் நோட்டில் சிக்கிய குற்றவாளிகள்: கதவுக் கைப்பிடியை இழுத்தது, தும்மல் வந்தபோது உடம்பு குலுங்கியது, தம்பியின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து ஆயர் ஈத்தாம் வரை போனது. கடைசியாகச் சொன்னது மகா தப்பு. ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு உடம்பை இறுக்கி உட்கார்ந்தால் தோள் முழுக்க வேலை செய்கிறது. விழுந்தால் கதையே முடிந்தது. அதற்குப் பிறகு கிராப் கார்தான். அதிலும் வலது தோள் ஆபரேஷன் என்றால் இடது பக்க இருக்கையில் உட்காருங்கள், பெல்ட் இடது தோள் வழியாக இறங்கும். இடது தோள் என்றால் டிரைவருக்குப் பின்னால்.

அறிகுறி: வலி தோளில் இல்லை, வேறு எங்கோ

முழங்கை வரை கருநீலமாக இறங்கியிருக்கிறதா? என் இரண்டாவது ஓட்டம் இதற்குத்தான். உள்ளே கசிந்த ரத்தம் கீழ்நோக்கி வருகிறது, அவ்வளவுதான். பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி இரண்டு மூன்று வாரத்தில் போய்விடும்.

விரல்கள் வீங்கி மோதிரம் இறுகுகிறது என்றால் ஸ்லிங்கைப் பாருங்கள். மணிக்கட்டு முழங்கையை விடத் தாழ்ந்து தொங்கினால் நீர் அங்கே தேங்கும். பட்டையைச் சுருக்கி, கை முழங்கையை விடச் சற்று உயரமாக இருக்கும்படி வையுங்கள். மோதிரத்தை முதல் நாளே கழற்றிவிடுவது நல்லது. கையை மூடித் திறப்பது, மணிக்கட்டைச் சுழற்றுவது இவை மணிக்கு ஒரு தடவை. முழங்கையையும் தினமும் சில தடவை நீட்டி மடக்க வேண்டும், இல்லாவிட்டால் அது தனியாக இறுகிக்கொண்டு தனி வலி கொடுக்கும். ஆனால் சிலருக்கு மேல்கையின் முன்பக்கத் தசையான பைசெப்ஸ் நாரையும் சேர்த்துத் தைத்திருப்பார்கள். அவர்கள் கேட்டுவிட்டுத்தான் மடக்க வேண்டும்.

கழுத்து வலி என்றால் பட்டை கழுத்தில் அறுக்கிறது. சின்னத் துண்டை மடித்து அடியில் வையுங்கள். பயத்தில் தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டே நடக்கிறோமா என்றும் கண்ணாடியில் பாருங்கள். நான் அப்படித்தான் நடந்தேன். மனைவி, “யாரு அடிக்க வராங்க உங்கள?” என்று கேட்பாள்.

மேல்கையின் வெளிப்புறத்தில், சட்டைக்கை முடியும் இடத்தில் வலித்தால் அது தோள் வலிதான். அந்த நார்களின் வலி அங்கேதான் தெரியும். அந்தச் சதையைத் தேய்த்துப் பயனில்லை.

எரிச்சலும் மின்சாரம் பாய்வது போன்ற வலியும் கை முழுக்கப் பரவி, காற்றுப் பட்டாலே வலித்து, கையின் நிறமும் வியர்வையும் மாறினால் மட்டும் வேறு கதை. அரிதாக வரும் நரம்புக் கோளாறு அது. சீக்கிரம் சொன்னால்தான் சிகிச்சை எளிது.

அறிகுறி: நன்றாக இருந்தது, திடீரென்று பழைய வலி

ஆபத்தான வாரம் வலி அதிகமாக உள்ள வாரம் இல்லை. வலி போன வாரம்தான். ஆறாவது வாரத்தில் ஸ்லிங் போய்விடும், தூக்கம் வரும், கை அசையும். உள்ளே நிலைமை வேறு. தைத்த நார் எலும்போடு ஒட்ட எடுக்கும் காலம் ஏறக்குறைய 12 வாரம், அதன் பிறகும் பல மாதம் கெட்டிப்பட்டுக்கொண்டே இருக்கும். ஆறாவது வாரத்தில் பெரும்பகுதி பாரத்தைத் தாங்குவது தையல் நூல். வலி போய்விட்டது என்றால் வீக்கம் போய்விட்டது என்று மட்டும்தான் அர்த்தம்.

ஒன்பதாவது வாரம் தைப்பூசம். முதல் நாள் வெள்ளி ரதம் புறப்பட்டு வரும் வழியெல்லாம், ரதத்தின் முன் உடைக்கத் தேங்காய் மலை மலையாகக் குவிந்து கிடக்கும். பினாங்குக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேடிக்கை பார்க்க மட்டும் போகிறேன் என்று சொல்லித்தான் போனேன். ரதம் நெருங்கியது, யாரோ ஒரு காயைக் கையில் கொடுத்தார். முதலில் இடது கையில்தான் வாங்கினேன். இடது கையால் அடித்தால் காய் உடையாது, நான்கு பேர் சிரிப்பார்கள். ஒரே ஒரு காய்தானே.

அன்று இரவு ஒன்றுமில்லை. மறுநாள், தைப்பூசத்தன்று, மனைவியோடு தண்ணீர்மலைக் கோயில் அடிவாரம் வரை நடந்தேன், அப்போதும் லேசான கனம்தான். அதற்கடுத்த நாள் காலை கையைத் தூக்கிப் பல் விளக்க முடியவில்லை. ஃபிசியோ வழக்கமான கேள்வியைக் கேட்டாள். “ஒண்ணும் பண்ணல” என்றேன். பின்னாலிருந்து மனைவி ஒரே வார்த்தை சொன்னாள்: “தேங்கா.”

டாக்டர் சோதித்து, அல்ட்ராசவுண்டும் எடுத்தார். தையல் அப்படியே இருந்தது. என் புண்ணியமில்லை, முருகன் புண்ணியம். அவர் சொன்னதில் ஒன்று மறக்கவில்லை: மறுபடி கிழிந்தவர்களில் பலருக்குப் பெரிய வலியே இருப்பதில்லை, ஸ்கேனில்தான் தெரிகிறது. அதனால் வலியை வைத்துக் கிழிந்தது என்றும் சொல்ல முடியாது, வலி இல்லாததை வைத்துக் கிழியவில்லை என்றும் சொல்ல முடியாது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? பலத்தைப் பார்க்க வேண்டும். நேற்று வரை செய்ய முடிந்த அசைவை, வலி கொஞ்சம் தணிந்த பிறகும் செய்ய முடியவில்லையா? வேறொருவர் கையைத் தூக்கிவிட்டால் மேலே போகிறது, விட்டதும் பிடித்து நிறுத்த முடியாமல் விழுகிறதா? இது உடனே டாக்டரிடம் காட்ட வேண்டியது. வலி மட்டும் ஏறியிருக்கிறது, அசைவு பழையபடி இருக்கிறது என்றால் பெரும்பாலும் கிளறிவிட்ட வீக்கம்தான். இதைத் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், சோதனையே இன்னொரு பாரம். சொந்தமாகக் கையைத் தூக்க இன்னும் அனுமதி வராதவர்கள் இந்தச் சோதனையைத் தொடவே கூடாது, அவர்களால் தூக்க முடியாதது இயல்பு.

வீக்கம்தான் என்று உறுதியானால்: இரண்டு நாள் ஓய்வு, வேண்டுமானால் ஸ்லிங்கை மறுபடி மாட்டிக்கொள்ளலாம், ஐஸ். பிறகு நேற்றைய பயிற்சிக்குத் திரும்பாமல், இரண்டு வாரத்துக்கு முந்தைய பக்கத்தைத் திருப்பி அங்கிருந்து தொடங்குங்கள். நோட்டு இங்கேயும் உதவும், இரண்டு வாரத்துக்கு முன் என்ன செய்தோம் என்று யாருக்கு நினைவிருக்கிறது? ஒரு தேங்காய்க்கு எனக்கு 11 நாள் ஆனது.

அறிகுறி: ஒரு இடத்துக்கு மேல் கை போகவே மாட்டேன் என்கிறது

இது பலமின்மை இல்லை, இறுக்கம். ஏர்கோனில் காற்றைத் திருப்பும் தகடு ஆடவில்லை என்றால் மோட்டார் போய்விட்டதா, தகடு சிக்கியிருக்கிறதா என்று விரலால் தள்ளிப் பார்ப்போம். தோளுக்கும் அதே கணக்கு: நீங்கள் தூக்கினாலும் போகவில்லை, ஃபிசியோ தூக்கினாலும் அதே இடத்தில் சுவரில் முட்டிய மாதிரி நிற்கிறது என்றால் மூட்டைச் சுற்றிய உறை சுருங்கி இறுகியிருக்கிறது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும், காயத்தில் கிருமி பிடிப்பதும் அதிகம். மலேசியாவில் பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இனிப்பு நீர் என்று 2019 தேசிய ஆய்வு சொன்னது. நம் இந்தியர்களிடம் இன்னும் கூடுதல். தோளுக்குச் செய்யும் பயிற்சியில் சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைப்பதும் ஒன்று. நலம் விசாரிக்க வருபவர்கள் கொண்டுவரும் லட்டுவையும் தே தாரிக்கையும் கணக்கில் சேருங்கள். கை முடங்கி வீட்டில் இருக்கும்போது வாய்க்குத்தான் வேலை அதிகம்.

வழி: நீண்ட நேரம் ஒரே தடவையாக இழுப்பதை விட, ஐந்து நிமிடமாக நாளைக்கு நான்கைந்து தடவை. காயம் முழுசாக ஆறிய பிறகு, பயிற்சிக்கு முன் பத்து நிமிடம் வெந்நீர்த் துண்டு, பின்னால் ஐஸ். இழுப்பு தெரியும் இடத்தில் நின்று மூச்சு விடுங்கள், குத்து தெரிந்தால் ஒரு விரற்கடை பின்வாங்குங்கள். இந்த இறுக்கம் பெரும்பாலோருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடத்தில் தளர்ந்துவிடுகிறது. ஆனால் பொறுமையைச் சோதிக்கும். பத்து நாள் ஒரு விரல் அளவு கூட ஏறாது, பதினோராவது நாள் அலமாரியின் அடுத்த தட்டு எட்டும்.

இந்தக் கட்டத்தில்தான் யாராவது ஒரு மாமா வந்து, “ஊருட் போட்டா ஒரே நாள்ல விடும்” என்பார். நானும் ஊருட் என்ற மலாய் மசாஜுக்கு எதிரி இல்லை, முதுகுக்கு வருடக்கணக்காகப் போனவன். ஆனால் தைத்த நாரை அவர் கையால் அழுத்தி முறுக்கினால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. வேண்டாம். கோடாலி தைலம், மூடிய காயத்தைத் தள்ளிக் கழுத்தில் தடவினால் தோஷமில்லை.

அறிகுறி: வலியை விட மாத்திரை படுத்துகிறது

பானடோல், அதாவது பாராசிட்டமோல், 500 மில்லிகிராம் என்றால் ஒரு நாளைக்கு எட்டு மாத்திரை பெரியவர்களுக்கு எல்லை, அதாவது 4 கிராம். கல்லீரல் பிரச்சினையோ குடிப்பழக்கமோ இருந்தால் அதை விடக் குறைவு, டாக்டரைக் கேட்க வேண்டும். சளி மாத்திரை பலவற்றிலும் அதே பாராசிட்டமோல்தான் ஒளிந்திருக்கிறது, பெயர் மட்டும் வேறு. சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். டிராமடோல் என்ற வலி மாத்திரை தலைசுற்றலும் குமட்டலும் மலச்சிக்கலும் கொடுக்கும். எனக்கு நான்கு நாள் வயிறு கல். தண்ணீர், பப்பாளி, கொஞ்சம் நடை இவற்றால் சரியாயிற்று, முக்கும்போதும் தோள் வலிக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. வீட்டு டப்பாவில் கிடக்கும் பொன்ஸ்டான், வோல்ட்டரன் இவற்றைச் சொந்தமாகச் சேர்க்காதீர்கள். வயிற்றுப் புண், சிறுநீரகம், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் தொடும் மருந்துகள் அவை. நார் ஒட்டும் காலத்தில் அவை வேண்டாம் என்று சொல்லும் டாக்டர்களும் உண்டு.

மூட்டு வலிக்கு அற்புதம் என்று இரவுச் சந்தையிலும் போனிலும் விற்கும் பெயரில்லாத ஜாமு என்ற மூலிகை மருந்து, மாத்திரை விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். அப்படிப்பட்ட பொருள்களில் ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. குடித்த இரண்டாம் நாள் வலி பறந்துவிடும், உண்மைதான். கூடவே சர்க்கரை ஏறும், காயம் ஆறாது. எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஒளிரும் ஸ்டிக்கரும் இல்லாத எதையும் வாயில் வைக்காதீர்கள்.

நன்றாக இருக்கிறது என்று எல்லா மாத்திரையையும் ஒரே நாளில் நிறுத்துவதும் ஒரு பின்னடைவுதான். பகல் வேளையை முதலில் குறையுங்கள், ராத்திரி வேளையையும் ஃபிசியோவுக்கு முந்தின வேளையையும் கடைசியில் விடுங்கள்.

அறிகுறி: தோள் பரவாயில்லை, மனசு சரியில்லை

எட்டாவது வாரத்துக்கு மேல் யாரும் விசாரிக்க வருவதில்லை. வருபவர்களும், “இன்னுமா ஆறல?” என்கிறார்கள். வெளியே இரண்டு மூன்று பொட்டுத் தழும்புதான் தெரிகிறது, அவர்களைக் குறை சொல்ல முடியாது. தூக்கம் கெட்டால் வலி பெரிதாகத் தெரியும், வலி பெரிதானால் தூக்கம் கெடும். இதற்கு மட்டும் என்னிடம் நல்ல வழிமுறை இல்லை. சாயங்காலம் கொம்தார் பக்கம் வரை பஸ்ஸில் போய், நடந்து, ஒரு தே ஓ குடித்துவிட்டு வருவேன். நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன். அங்கே ‘சட்டை போட 20 நிமிடம், அழுகை’ என்று என் இடது கைக் கோணல் எழுத்தில் இருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் கிடந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

வேலைக்குத் திரும்பிய பிறகு

ரப்பர் பட்டைப் பயிற்சி தொடங்கும் பன்னிரண்டாவது வாரத்தையொட்டி இன்னொரு அலை வரும். மேலே சொன்ன மறுநாள் காலைக் கணக்கே அதற்கும். நான் ஐந்தாவது மாதம் வேலைக்குப் போனேன், முதலில் ரிமோட்டும் மீட்டரும் மட்டும். தலைக்கு மேல் துளை போடும் வேலையை ஏழாவது மாதம் தொட்டேன், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இறங்கி.

போன வாரம் எங்கள் புளோக்கில் மூன்றாம் மாடி அண்ணனைப் பார்த்தேன். அவருக்கு இடது தோள், ஏழாவது வாரம். லிஃப்டில் முகம் சுருங்கி நின்றார்.

“ராத்திரி பூரா வலி தம்பி. பிஞ்சிருச்சுன்னு நெனைக்கிறேன்.”

“நேத்து என்ன பண்ணீங்கண்ணே?”

“ஒண்ணும் பண்ணல. சும்மாதான் இருந்தேன்.”

“முந்தாநேத்து?”

லிஃப்ட் இரண்டு மாடி ஏறும் வரை யோசித்தார். “பேரன் அழுதான்னு தூக்கினேன். ஒரு தடவதான்.”

பேரனுக்கு எத்தனை கிலோ என்று கேட்டேன். பதினான்கு என்றார்.